இடது முன் டயர் மட்டும் ஏன் உள்பக்கமாகத் தேய்ந்தது?

அளவுகளை முதலில் கொடுத்துவிடுகிறேன். 24,000 கிலோமீட்டர் ஓடிய நான்கு டயர்கள். ஒவ்வொன்றிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில் பட்டனின், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின், ஆழத்தை அளந்தேன். எல்லாம் மில்லிமீட்டரில்.

இடது முன்: 5.6, 5.2, 2.3
வலது முன்: 5.0, 5.3, 4.9
இடது பின்: 5.8, 5.7, 4.4
வலது பின்: 5.9, 5.8, 5.6

புதிதாகப் போட்ட அன்று எல்லாவற்றிலும் 7.5 இருந்தது. இடது முன் டயரின் உள் ஓரத்தில் இருக்கும் அந்த 2.3 என்ற எண்ணைத் துரத்திக்கொண்டு போனதுதான் இந்தப் பதிவு. 1.6 வந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குட்டி மேடு வைத்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமானால் 1.6க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இதே டயரில் வெளி ஓரம் 5.6 இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் நல்ல டயர் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் உள் ஓரம் கண்ணில் படும்.

வண்டி ஒரு சின்னப் பெட்ரோல் கார், முன் சக்கரங்கள் இழுப்பது. டயர் 165/80 ஆர்14. கோபியிலிருந்து ஈரோட்டுக்கு வேலைக்குப் போய் வருவதுதான் பெரும்பாலான ஓட்டம். அதோடு மாதம் ஒருமுறையாவது சத்தி வழியாகத் திம்பம் ஏறித் தாளவாடி போவோம். அந்த மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒவ்வொன்றுக்கும் பிரேக் மிதித்தாக வேண்டும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

டயர் ஒரு பக்கம் தேய்கிறது என்றால் எல்லோரும் முதலில் சொல்வது காற்று. அதிலிருந்துதான் நானும் ஆரம்பித்தேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு அது. ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். பங்க்கில் சூட்டோடு 33 வைத்துக்கொண்டு வந்தால் மறுநாள் காலை அது 30க்கோ அதற்கும் கீழேயோ நிற்கும். வலது முன் டயரில் இரண்டு ஓரமும் நடுவைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். காற்று குறைந்தால் இரண்டு தோளும் தேயும், கூடினால் நடு தேயும். ஒரு தோள் மட்டும் இவ்வளவு தேய்வதற்குக் காற்று காரணமாக முடியாது. சொந்தமாக ஒரு காற்று மானி வாங்கி, வாரம் ஒருமுறை வீட்டிலேயே பார்க்க ஆரம்பித்தேன். வலது டயர் தேய்வது சீரானது. இடது டயரின் உள் ஓரம் அதுபாட்டுக்குக் குறைந்துகொண்டே போனது.

அப்புறம் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிபார்ப்பது. ஒரு கடையில் போட்டேன், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வேறொரு கடையில் போட்டேன். இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த தாளில் எல்லாக் கட்டமும் பச்சை. இரண்டாவது கடையில் டை ராடை (சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பி) கால் சுற்றுகூடத் திருப்பவில்லை, திருப்ப வேண்டிய தேவையே இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான் என்று பின்னால் நான் அளந்தபோது தெரிந்தது. ஆனாலும் டயர் தேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு உண்மையும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், நிற்கும்போது ஒரு மாதிரியும் ஓடும்போது வேறு மாதிரியும் அந்தச் சக்கரம் இருக்க வேண்டும். இந்த யோசனை எனக்கு உடனே வந்துவிடவில்லை. டயரை முறையாக அளந்த பிறகுதான் வந்தது.

பட்டன் ஆழம் பார்க்கும் மானி 280 ரூபாய். இந்த வேலையில் நான் வாங்கியதிலேயே அதிகம் உழைத்த கருவி இதுதான். டிஜிட்டல் வகைதான் வேண்டும் என்றில்லை. பித்தளைக் குச்சி வகையும் போதும். டயர் முழுக்க ஒரே ஆழம் இருக்காது. அதனால் ஒரு டயரில் சாக்பீஸால் நான்கு இடம் குறித்து, அந்த நான்கு இடத்திலும் மூன்று மூன்று அளவு எடுத்துச் சராசரி போட்டேன். மேலே இருக்கும் எண்கள் அப்படி வந்தவை.

அந்த எண்களில் எனக்கு மிகவும் உதவியது இடது பின் டயர். 12,000 கிலோமீட்டரில் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தேன், அதே பக்கத்திலேயே. அதாவது இப்போது இடது பின்னால் இருப்பது, முதல் 12,000 கிலோமீட்டர் இடது முன்னால் ஓடிய டயர். அதன் உள் ஓரமும் 4.4 தான். தேய்ந்த இடத்தின் விளிம்பு மழுங்கி, வழவழவென்று ஆகியிருந்தது. பின்னால் போன பிறகு அந்தத் தேய்வு நின்றுவிட்டது. இப்போது முன்னால் இருக்கும் டயர் அதே அளவு தூரத்தில் அதைவிட அதிகமாக இழந்திருக்கிறது. ஆக, கோளாறு டயரில் இல்லை, அந்த மூலையில் இருக்கிறது. மாற்றிப் போடுவதற்கு முன்பே இருந்திருக்கிறது. வரவர அதிகமாகியும் இருக்கிறது. எப்போது எதை எங்கே மாற்றினோம் என்று எழுதி வைத்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது. டயர் மாற்றும் அன்று மறக்காமல் ஒரு வரி எழுதி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது உள்ளங்கை. மானி சொல்லாததைக் கை சொல்லும். இடது முன் டயரின் பட்டன் மேல் குறுக்காகக் கையை ஓட்டினேன். உள்ளிருந்து வெளியே ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போனது. வெளியிலிருந்து உள்ளே ஓட்டினால் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் விரலைப் பிடித்தது. சக்கரத்தின் முன்பகுதி வெளிப்பக்கம் திரும்பிய நிலையில் ஓடினால் இப்படித்தான் வரும். டோ அவுட் என்பார்கள். கேம்பர் மட்டும் தப்பாக இருந்தால், அதாவது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால், உள் ஓரம் தேயும், ஆனால் இந்த ரம்பப் பல் வராது. எங்கேயாவது ஆணியோ கம்பியோ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். உள் ஓரம் மிகவும் தேய்ந்த டயரில் இரும்பு நார் வெளியே வந்திருக்கும். கிழித்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். டோ தப்பாக இருந்தால் இரண்டு முன் டயரும் கிட்டத்தட்டச் சமமாகத் தேய வேண்டும். இரண்டு சக்கரமும் ஒரே ஸ்டியரிங் ராக்கில் கட்டியிருக்கின்றன. வண்டி நேராகப் போகும்போது பிழையை இரண்டும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்ளும். எனக்கோ வலது டயரின் உள் ஓரம் 4.9, இடதில் 2.3. ரம்பப் பல் டோ என்கிறது, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது டோ இல்லை என்கிறது.

கேம்பரையும் அளந்து பார்த்து ஒதுக்கிவிடலாம் என்று மேஸ்திரியிடமிருந்து தூக்குக்குண்டு வாங்கி வந்தேன். மட்கார்டிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, சக்கர ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு என்று ஸ்டீல் ஸ்கேலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாய்வு. ஆனால் எங்கள் வாசல் தளத்தில் மழைத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருக்கிறார்கள். முதலில் அளந்தபோது இடதில் 6 மில்லிமீட்டர், வலதில் சுழி. பார்த்ததும் கேம்பர்தான் குற்றவாளி என்று தோன்றியது. அப்புறம் வண்டியைத் திருப்பி, எதிர்ப்பக்கம் பார்க்க அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளந்தேன். இடதில் சுழி, வலதில் 6. சராசரி போட்டால் இரண்டு பக்கமும் 3. சக்கரத்தின் விளிம்புக்கு விளிம்பு 38 சென்டிமீட்டரில் 3 மில்லிமீட்டர் என்றால் அரை டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் சமம். கேம்பர் இல்லை. சமதளம் தேடி அலைவதைவிட வண்டியைத் திருப்பி நிறுத்தி அளப்பது எளிது, வாட்டம் தானாகக் கழிந்துவிடுகிறது.

டோ அளக்க ஜன்னல் வேலையில் மிஞ்சிய இரண்டு சதுர அலுமினியம் பைப் கிடைத்தது. சரியாக ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்தேன். டயர் தரையில் அழுந்தும் இடத்தில் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும்; பைப் அதில் முட்டி ஆடாமல் இருக்க, ஒரே கனமுள்ள இரண்டு மரத்துண்டுகளைப் பைப்பில் ஒட்டி, அந்தத் துண்டுகள் மட்டும் டயரைத் தொடும்படி வைத்தேன். பைப் நிற்க இரண்டு செங்கல் உயரம். மகள் ஒரு முனையைப் பிடிக்க, டேப்பை வண்டிக்கு அடியில் விட்டு, சக்கரத்துக்கு முன்னால் பைப்புக்குப் பைப் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எடுத்தோம். முன்னால் 1 மில்லிமீட்டர் குறைவு. அதாவது டோ இன், ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். கடைத் தாளில் இருந்ததும் இதுதான். சுழியை ஒட்டிய அளவைத்தான் என் வண்டியின் கையேடும் கேட்கிறது.

அடுத்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ ஆட்டம் இருந்தால் தெரியும். இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்ட் தெரியும். இரண்டிலும் ஒன்றுமில்லை. இடது, வலது இரண்டு பக்கமும் இறுக்கம்.

இந்த நிலையில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். பெரிய ஒர்க் ஷாப் இல்லை, தகரக் கூரை போட்ட பட்டறை. எண்களைப் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிரேக் அடிச்சா வண்டி எந்தப் பக்கமாவது இழுக்குதுங்களா தம்பி?"

"லேசா இடது பக்கம் இழுக்குங்ண்ணா. திம்பம் எறங்கறப்ப நல்லாவே தெரியும். பிரேக் பேடுனு நெனச்சேன்."

"பேடு நாந்தானே போட்டேன், அது நல்லா இருக்குது. லோயர் ஆர்ம் புஷ்ஷ நெம்பிப் பாத்தீங்களா? சக்கரத்த ஆட்டுனா அது தெரியாது."

நெம்பிப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் இன்னொரு சோதனை செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. சக்கரத்தை அடியில் தாங்கும் லோயர் ஆர்ம், வண்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்தான் புஷ். அது போயிருந்தால் பிரேக்கின் இழுப்பில் சக்கரம் பின்னால் நகர வேண்டும், நகர்ந்தால் டோ மாற வேண்டும். அதே பைப்பை வைத்துப் பார்த்துவிடலாம். பிரேக்கைத் தொடாமல் வண்டியை முன்னால் தள்ளி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தி அளந்தால் முன்பு போலவே 1 மில்லிமீட்டர் உள்ளே. அப்புறம் வண்டியை மெதுவாக உருளவிட்டு, பிரேக்கை அழுத்தி நிறுத்தி, மிதித்த காலை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லி அளந்தேன். 5 மில்லிமீட்டர் வெளியே! மறுபடி மறுபடி செய்து பார்த்தாலும் 4க்கும் 5க்கும் நடுவில்தான் வந்தது. அந்தக் கோணத்திலேயே ஒரு சக்கரம் ஒரு கிலோமீட்டர் போனால், ஐந்து மீட்டர் தூரம் பக்கவாட்டில் தார்ச்சாலையில் உரசிக்கொண்டு போகிறது என்று கணக்கு. அலைன்மெண்ட் மேடையில் யாரும் பிரேக்கை மிதித்துக்கொண்டு டோ பார்ப்பதில்லை. அந்தத் தாள் பச்சையாக வந்ததில் வியப்பில்லை.

எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் போன் காட்டிக்கொடுத்தது. செங்கல்லில் சாய்த்து, சக்கரமும் மட்கார்டும் தெரியும்படி வைத்து ஸ்லோ மோஷனில் ஓடவிட்டேன். ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டால் வண்டி முன்னால் முட்டும். ரிவர்ஸில் அதே மாதிரி பின்னால் முட்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கவே கூடாது, அதற்காகத்தான் போன். வலது சக்கரம் மட்கார்டுக்குள் இரண்டு மில்லிமீட்டர் போல அசைந்தது. அது ரப்பரின் இயல்பான விட்டுக்கொடுப்பு. இடது சக்கரம் ஒரு விரல் கனத்துக்கு முன்னும் பின்னும் போய் வந்தது. கூடவே 'டொக்' என்று ஒரு சத்தமும் வீடியோவில் பதிவாகியிருந்தது. ஓட்டும்போது அது காதில் விழுந்ததே இல்லை.

பட்டறையில் வண்டியைத் தூக்கி, லோயர் ஆர்முக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் சின்னக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். ஆர்மின் பின்புஷ்ஷில் ரப்பர் முக்கால் வட்டத்துக்குப் பிய்ந்து, நடு இரும்புக் குழாய் தனியாக ஆடியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் ஊதிப்போய், பிசுபிசுவென்று, நகத்தால் கீறினால் மாவாக வருகிறது. அதைச் சுற்றி மண் ஒட்டிய எண்ணெய்ப் படலம். கையில் தொட்டு மோந்து பார்த்தால் கியர் ஆயிலின் அந்தக் கந்தக நெடி.

என் வண்டியில் கியர்பாக்ஸ் இடது பக்கம் இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான இடது டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் போகும் இடத்தில் ஒரு ஆயில் சீல் உண்டு. அது கசிந்து, சொட்டுச் சொட்டாக ஆர்மின் மேல் விழுந்து, ஓரமாக வழிந்து புஷ்ஷில் போய்த் தேங்கியிருக்கிறது. ரப்பருக்கு எண்ணெய் எமன். வருஷக்கணக்கில் ஊறி ஊறிப் பலம் போனதும், மலையிறக்கத்தில் பிரேக்கின் ஒவ்வொரு இழுப்பும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்திருக்கிறது. வாசலில் எண்ணெய்க் கறை விழுந்திருந்தால் முன்பே கவனித்திருப்பேன். எல்லாவற்றையும் புஷ்ஷும் மண்ணும் உறிஞ்சிக்கொண்டதால் தரைக்கு ஒரு சொட்டு வரவில்லை. வலது புஷ்ஷும் அதே வயதுதான், ஆனால் காய்ந்து நன்றாக இருந்தது.

புஷ்ஷை மட்டும் லேத்தில் கொடுத்து, பழையதை அடித்துப் புதியதைப் பிரஸ்ஸில் ஏற்றலாம். ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். நான் முழு ஆர்மாகவே வாங்கினேன், 1,750 ரூபாய். பால் ஜாயிண்டும் 80,000 கிலோமீட்டர் பார்த்துவிட்டது. அதன் ரப்பர் உறையிலும் வெடிப்பு தெரிந்தது. இன்னொரு முறை இதையெல்லாம் கழற்ற வேண்டாம் என்பதுதான் கணக்கு.

கழற்றுவதில் நேரம் தின்றது ஒரே ஒரு போல்ட், பால் ஜாயிண்டின் தண்டை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்பு) கவ்விப் பிடிக்கும் போல்ட். துரு. முந்தைய நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டும் அசையவில்லை. நட்டைக் கழற்றிவிட்டு, போல்டின் மரை கெடாமல் இருக்க நட்டைப் பாதி மட்டும் திரும்ப ஏற்றி, சுத்தியால் தட்டித் தட்டி, நடுநடுவே ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் கால் சுற்றுத் திருப்பித்தான் வெளியே எடுத்தோம். நக்கிளின் பிளவில் உளியை லேசாக இறக்கி விரித்ததும் ஜாயிண்ட் விட்டது. மற்ற போல்டுகளெல்லாம் சொன்னபடி கேட்டன.

ஜாயிண்ட் விட்டால் நக்கிளை வெளியே ஒதுக்கலாம். ஒதுக்கினால் டிரைவ் ஷாஃப்டின் உள்முனையைக் கியர்பாக்ஸிலிருந்து லிவரால் நெம்பி எடுத்துவிடலாம். சக்கர நடுவிலுள்ள பெரிய ஹப் நட்டைத் தொடவே வேண்டியதில்லை. அதனால் ஆர்ம் வேலையோடு சீல் வேலையைச் சேர்த்துக்கொள்வது கிட்டத்தட்ட இலவசம். ஷாஃப்டை உருவும் முன் கியர் ஆயிலை வடித்துவிட வேண்டும். பழைய சீலின் உதடு விறைத்துப்போய், ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. புதியது 140 ரூபாய். அதை நேராக இறக்க, அதன் விட்டத்துக்குப் பொருந்தும் பிவிசி கப்ளிங் ஒன்றை மெக்கானிக் அண்ணன் வைத்திருந்தார். உதட்டில் கிரீஸ் தடவி, கப்ளிங்கை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினால் கோணாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஷாஃப்டைத் திரும்பச் செருகும்போது அதன் பற்கள் புது சீலின் உதட்டைக் கிழித்துவிடாமல் கையால் தாங்கி நேராகக் கொடுக்க வேண்டும். 'கிளிக்' என்று உள்ளே பூட்டிக்கொண்டதை இழுத்துப் பார்த்து உறுதி செய்தோம். புது கியர் ஆயில், ஊற்றும் துளையில் வழியும் வரை. இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது.

ஆர்மை மாட்டும்போது ஒரு விஷயம் மிக முக்கியம். புஷ் போல்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழு இறுக்கம் கொடுக்கக் கூடாது. இந்த வகைப் புஷ்ஷில் ரப்பர் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியே இருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். அதன் மேல்தான் மேடு பள்ளத்தின் முறுக்கும் சேரும். சீக்கிரம் கிழியும். அதனால் போல்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரத்தை மாட்டி, இரண்டு முன் சக்கரத்துக்கும் அடியில் இரண்டங்குலப் பலகையை இரண்டிரண்டாக வைத்து வண்டியை இறக்கினோம். பின்சக்கரத்துக்குக் கல். பானெட்டை நாலைந்து தடவை அழுத்தி விட்டு, வண்டி தன் எடையில் நின்ற பிறகு, அடியில் புகுந்து டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கினேன். இடம் குறுகல், ரெஞ்சைத் திருப்ப நாலு விரற்கடைதான் கிடைத்தது. ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த புஷ்ஷையும் கெடுக்க மனமில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பைப் சோதனை. உருட்டி நிறுத்தினால் 2 மில்லிமீட்டர் உள்ளே, பிரேக் மிதித்து நிறுத்தினால் ஒன்றரை உள்ளே. அந்த அரை மில்லிமீட்டர் என் டேப்பின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் இப்போது இடது பக்கம் போவதில்லை.

அதன் பிறகுதான் அலைன்மெண்ட் கடை. ஆர்ம் மாற்றியதால் டோ ஒரு மில்லிமீட்டர் மாறியிருக்கிறது, அதைச் சரி செய்தே ஆக வேண்டும். இந்த முறை போகும் முன்பே டிக்கியில் கிடந்த சாமான்களை இறக்கிவிட்டு, நான்கு டயரிலும் 33 வைத்துக்கொண்டு போனேன். திருத்துவதற்கு முந்தைய அளவையும் சேர்த்துத் தாளில் எடுத்துத் தரச் சொன்னேன். பைப்பில் நான் எடுத்த அளவும் அவர்கள் இயந்திரம் காட்டியதும் ஒத்துப்போனது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அலைன்மெண்டும் நான்கு சக்கரத்துக்கு வெயிட் அடித்ததும் சேர்த்து 980 ரூபாய்.

டயர் விஷயம்: 2.3 வந்த டயர் ஸ்டெப்னிக்குப் போய்விட்டது, நல்ல நிலையிலிருந்த ஸ்டெப்னியைக் கொடுத்துக் கழித்துக்கொண்டேன். இரண்டு புது டயர், ஒன்று 4,300. புதியவற்றைப் பின்னால் போட்டேன். ஈரச் சாலையில் பின்பக்கம் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும். முன்பக்கம் வழுக்கினாலாவது ஸ்டியரிங்கில் தெரியும், சமாளிக்கலாம். பின்னால் ஓடிக்கொண்டிருந்த இரண்டும் முன்னால் வந்தன. டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2321 என்று இருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் முதலில் எடுத்துக் காட்டியவை பழையவையாக இருந்ததால் வேறு கேட்டு வாங்கினேன்.

வேலை முடிந்து 3,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு எடுத்த அளவு, இப்போது இடது முன்னால் இருக்கும் டயரில்: 5.5, 5.4, 4.1. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி 0.3 குறைந்திருக்கிறது. வலது முன்னாலும் அப்படியே. இடையில் திம்பமும் ஏறி இறங்கியாகிவிட்டது. உள்ளங்கையை எந்தப் பக்கம் ஓட்டினாலும் விரலைப் பிடிப்பதில்லை.

செலவு: ஆர்ம் 1,750, சீல் 140, கியர் ஆயில் 760, ஸ்ப்ரே 190, பட்டறைக் கூலி 700. ஆக 3,540. அலைன்மெண்ட், பேலன்சிங் 980, ஆழமானி 280 சேர்த்து 4,800. டயர் 8,600 தனி. இதற்கு முன் இரண்டு தடவை போட்ட அலைன்மெண்டுக்குப் போன ஆயிரம் ரூபாயை இதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை எதை மாற்றிச் செய்வேன் என்றால், வரிசையைத்தான். முதலில் ஆழமானியும் உள்ளங்கையும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் உடனே பிரேக் மிதித்தும் மிதிக்காமலும் அந்தப் பைப் சோதனை, அதோடு போன் வீடியோ. இரண்டுக்கும் சேர்த்து ஒரு காலைப் பொழுது போதும், செலவும் இல்லை. நெம்பிப் பார்த்து எங்கும் ஆட்டம் இல்லை என்று தெரிந்த பிறகே அலைன்மெண்டுக்குக் காசு கொடுப்பேன். புஷ் ஆடும் வண்டிக்கு அலைன்மெண்ட் போட்டால், அந்த நிமிஷம் அது எங்கே நிற்கிறதோ அதற்குத்தான் போட்டிருக்கிறோம்.

பைப்பில் மரத்துண்டுகளுக்குப் பதில் ஒரே அளவு போல்டுத் தலைகளை வைத்துப் பொருத்தப் போகிறேன். மரம் டயரில் அழுந்தி அரை மில்லிமீட்டர் வரை ஏமாற்றுகிறது. இரண்டு பேர் டேப் பிடித்தால் தளர்வும் வந்துவிடுகிறது. அதற்கு விறைப்பான ஸ்டீல் டேப்பாக அகலமானது ஒன்று வாங்க வேண்டும். அப்புறம் ஆயில் மாற்றும்போதெல்லாம் இரண்டு டிரைவ் ஷாஃப்ட் சீலையும், அவற்றுக்குக் கீழே இருப்பதையும் ஒரு துணியால் துடைத்துப் பார்ப்பது என்று சர்வீஸ் நோட்டில் சேர்த்துவிட்டேன். வலது சீலில் இப்போதைக்கு ஈரம் இல்லை.